பூவாணி ஏரி கோடி போனது

ஒரு மலையின் காலடியில் மூன்று ஏரிகள் இருந்தன. மூன்றும் அக்கா தங்கைகள். மேலே இருந்தவள் கருக்காணி, நடுவில் பூவாணி, கடைசியில் சித்தாலி. மலையில் பெய்யும் மழை முதலில் கருக்காணியிடம் வரும். அவள் வயிறு நிறைந்ததும் மிச்சம் பூவாணிக்கு. பூவாணி நிறைந்தால் சித்தாலிக்கு. சித்தாலிக்கும் போக மிஞ்சினால் ஆற்றுக்கு. அக்கா உடுத்திய பாவாடை தங்கைக்கு வருகிற மாதிரிதான். இதை யாரும் சட்டம் போட்டுச் செய்யவில்லை, அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

மூவருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தவள் ஓடை. அவளுக்கு வாய் ஓயாது. மேலே நடந்ததைக் கீழே போய்ச் சொல்லாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். ஆனால் கீழே நடப்பதை மேலே வந்து சொல்ல மட்டும் அவளால் முடியாது, பிறவி அப்படி. அதனால் தங்கைகளுக்கு அக்காவின் சங்கதி எல்லாம் தெரியும். அக்காக்களுக்குத் தங்கையின் பாடு தெரியாது.

நம் கதை நடுவில் பிறந்த பூவாணியைப் பற்றியது. நடுவில் பிறந்தவர்களுக்கே உள்ள மனக்குறை அவளுக்கும் உண்டு. அக்காவுக்கு முதல் பந்தி, தங்கைக்குச் செல்லம், நமக்கு என்ன என்று முனகிக்கொண்டே இருப்பாள்.

அவளைத் தாங்கிக்கொண்டிருந்தவர் கரை. பனைமரங்களை முதுகில் சுமந்துகொண்டு பிறை மாதிரி வளைந்து படுத்திருக்கும் நிதானமான ஆள். கரையின் ஒரு முனையில் கோடி இருந்தான். கோடி என்றால், ஏரி நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம். தாழ்வான ஒரு கற்சுவர், அதன்மேல் இடைவெளி விட்டுப் பல் மாதிரி நட்ட கற்கள், அவ்வளவுதான் அவன் உருவம். அந்தப் பல்லிடுக்கில் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் 'ஏரி கோடி போவுது' என்று ஊரே ஓடி வரும். மேளம் வரும், பொங்கல் வைப்பார்கள், கிடா வெட்டுவார்கள், கோடிக்கல்லுக்கு மஞ்சள் பூசிப் பூப்போடுவார்கள். அவனுக்கு மரியாதை என்று கிடைப்பது அந்த ஒரு நாள்தான். அதற்காக மற்ற நாளெல்லாம் வெயிலில் பல்லைக் காட்டிக்கொண்டு காத்துக் கிடப்பான்.

இப்படி இருக்கும்போது மழை பொய்த்தது. ஒரு வருஷம் இல்லை, மூன்று வருஷம்.

பூவாணி வற்றினாள். முதல் வருஷம் முழங்கால் தண்ணீர், அடுத்த வருஷம் சேறு. சேறானதும் ஊர்க்காரர்கள் கூடையும் வலையுமாக இறங்கிக் கலக்கோ கலக்கு என்று கலக்கினார்கள். விரால், கெளுத்தி, கெண்டை, விரல் நீளக் குஞ்சு, எதையும் விடவில்லை. அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன்குழம்பு மணத்தது. மூன்றாவது வருஷம் அவள் மடியில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். சீமைக்கருவேலம் முளைத்தது. யாரோ இரண்டு லாரி கோழிக் கழிவைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள். ஒரு காலத்தில் நிலா பார்த்து முகம் திருத்திய இடத்தில் கோழி றெக்கை பறந்தது. பூவாணிக்கு அழ வேண்டும் போலிருந்தது, அழத் தண்ணீர் இல்லை.

அப்போதுதான் அவள் மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தாள். இன்னொரு தரம் நான் நிறைந்தால் ஒரு சொட்டுக்கூட வெளியே விட மாட்டேன்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கருக்காணி நிறைந்து கோடி போனாள். ஓடை செம்மண் நிறத்தில் புரண்டுகொண்டு வந்து பூவாணியின் மடியில் விழுந்தாள்.

"அக்கா, உனக்குச் சேதி தெரியுமா? மேலே பெரியக்கா ஊர்ல நேத்து மேளம். மலையில போன வருஷம் மரம் வெட்டுன இடம் இருக்குதுல்ல, அங்கேர்ந்துதான் இத்தனை மண்ணு. பெரியக்கா திட்டிக்கிட்டே இருக்குறா. நான் என்னா பண்ணுவேன், குடுத்ததைத் தூக்கிட்டு வரேன்."

"நீ பேசாம ஊத்திட்டுப் போ," என்றாள் பூவாணி. அவளுக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. தண்ணீர் மேலே மேலே வந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு காற்று அவள்மேல் அலை எழுப்பியபோது கொஞ்ச நேரம் சின்னப் பெண் மாதிரி கரையில் மோதி மோதி விளையாடினாள்.

தண்ணீர் கோடியின் பல்லைத் தொட இன்னும் ஒரு சாண் இருந்தது. கோடி பரபரத்தான். "அக்கா, வருது. மேளக்காரனைக் காணோமே?"

மேளக்காரன் வரவில்லை. கன்னியப்பன் வந்தான். பூவாணியின் தண்ணீரில் பயிர் வைக்கிற ஊரில் நாலு பேரைக் கூட்டி வேலை வாங்கத் தெரிந்தவன் அவன். பின்னால் ஆட்கள் பனம்பலகை, வைக்கோல் பிரி, களிமண், மணல் நிரப்பிய யூரியா சாக்கு எல்லாம் சுமந்துகொண்டு வந்தார்கள்.

"இந்த வருஷம் கோடி போவ வேணாம்," என்றான் கன்னியப்பன். "மூணு வருஷம் காஞ்சிருக்கிறோம். கல்லுக்குக் கல்லு பலகை சொருகி, மேல மூட்டையை அடுக்கு. இன்னும் மூணு அடி தண்ணி நின்னா ரெண்டு போகம் எடுத்துடலாம்."

"அப்போ கீழ சித்தாலிக்கு?" என்று ஒருவன் கேட்டான்.

"மழைதான் பெய்யுதே. அவங்களுக்கும் வானம் இருக்குதுல்ல," என்றான் கன்னியப்பன்.

பூவாணிக்கு மனசு குளிர்ந்துபோனது. என் எண்ணத்தைப் படித்தவன் இவன் ஒருத்தன்தான் என்று கன்னியப்பனை வாழ்த்தினாள்.

கோடி கத்தினான். "அக்கா, சொல்லுக்கா, வேணாம்னு சொல்லு. என் வாயில மண்ணைப் போடுறானுங்க. பலகையை உள்ள... ம்ம்... ம்ம்ம்..." அதற்குமேல் அவன் பேசியது யாருக்கும் புரியவில்லை. வைக்கோலும் களிமண்ணும் வாய் முட்ட அடைத்திருந்தது.

"கொஞ்ச நாள் வாயை மூடிக்கிட்டுத்தான் இரேன், நல்லதுதான்," என்று சிரித்தாள் பூவாணி.

தண்ணீர் அவள் இதுவரை தொடாத உயரத்தைத் தொட்டது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கருக்காணியிடமிருந்து ஓடை ஒரு சேதி கொண்டுவந்தாள். "பெரியக்கா கேக்கச் சொன்னா. உன் தண்ணி மேல ஏறி அவளோட கடைசி வயல்ல நிக்குதாம். நாத்து அழுவுதாம். கொஞ்சம் இறங்கேன்டீங்கறா."

"முதல் பந்தியில சாப்பிட்டுட்டு அவளுக்கு என்னா பேச்சு?" என்று பூவாணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரே ஒரு விஷயம்தான் அவளுக்கு உறுத்தியது. இத்தனை தண்ணீர் இருந்தும் உள்ளே எதுவும் அசையவில்லை. ஒரு கொக்கு வந்து ஓரத்தில் நின்றது. ஒற்றைக் காலில் பொறுமையாகப் பார்த்தது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, பறந்து போய்விட்டது. நாள் ஆக ஆகப் பச்சைப் பாசி படர்ந்தது. கொசு முட்டையிட்டுக் குடும்பம் நடத்தியது. தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடத்துக்குள் எட்டிப் பார்த்து, நெளிகிற புழுவைக் கண்டு கொட்டிவிட்டுப் போனார்கள். எல்லாம் சரியாகும் என்று பூவாணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் துளசி வந்தாள். துளசி கன்னியப்பனின் தங்கை, சித்தாலி ஊரில் வாழ்க்கைப்பட்டவள். கரைமேல் மூட்டை சரிபார்த்துக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினாள்.

"வா துளசி. வீட்டுக்குப் போ, அண்ணி இட்லி சுட்டுக்கிட்டு இருக்குறா," என்றான்.

"இருக்கட்டும்ணா. கோடி எப்போ போவும்னு கேட்டுட்டுப் போவ வந்தேன்."

"பாக்கலாம்மா."

"பாத்துட்டேன்." துளசி மூட்டை அடுக்கைக் காட்டினாள். "எங்க கெணத்துல அடி தெரியுது. ஏரியில மடுவுல மட்டும் எருமை முங்குற தண்ணி கெடக்குது. அதையும் மோட்டார் வச்சு இறைக்கலாம்னு சிலபேரு சொன்னாங்க. விதைக்குக் கெடக்குற மீன் உசுருங்க, அதுல கைவைக்க வேணாம்னு பொம்பளைங்க நாங்க வழிமறிச்சு உக்காந்துட்டோம். நாத்து பழுத்துப்போச்சுண்ணா. நீ எனக்கு வேற எந்தச் சீரும் செய்ய வேணாம். இதைத் திற."

"எங்க நிலைமையும் பாக்கணும்லம்மா. மூணு வருஷம்..."

"எங்களுக்கு மட்டும் என்னா, மூணு வருஷம் மழை கொட்டிச்சா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள் துளசி. கீழே இறங்கிப் பூவாணியின் தண்ணீரில் முகம் கழுவினாள். அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள். பிறந்த வீட்டுக்கு வந்த பெண் சாப்பாட்டில் கை நனைக்காமல் போவது லேசான விஷயம் இல்லை. கன்னியப்பன் ரொம்ப நேரம் அங்கேயே நின்றான்.

துளசியின் முகத்திலிருந்து விழுந்த தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்ததைப் பூவாணி கவனித்தாள். கவனிக்காத மாதிரி இருந்துவிட்டாள்.

மறுபடி மழை பிடித்தது. மலைப் பக்கம் இரண்டு நாள் விடாத மழை, சித்தாலிப் பக்கம் வெறும் தூறல். கருக்காணியின் மிச்சமெல்லாம் பூவாணிக்குள் இறங்கியது. வெளியே போக வழி இல்லை.

"பூவாணி," என்று கரை கூப்பிட்டார். அதிகம் பேசாதவர் கூப்பிட்டதும் அவளுக்கு என்னவோ போலிருந்தது. "விலாவுல வலிக்குதும்மா."

"நிறைஞ்சிருக்கிறேன்ல கரையண்ணா, அதான் பாரம். பழகிடும்."

"பாரம் எனக்குப் புதுசு இல்ல. நீ இப்போ நிக்குற உசரத்துல என் மண்ணு எந்தக் காலத்துலயும் நனைஞ்சது இல்ல. வறட்சியில அங்கெல்லாம் வெடிச்சுக் கெடக்குது. நண்டு வளை வேற."

"கொஞ்சம் கசியுது, அவ்வளவுதானே? எல்லா வருஷமும் கசியறதுதானே?"

கரை சொன்னார். "தெளிஞ்ச தண்ணி கசிஞ்சா அது எனக்கு வேர்வை மாதிரி, கவலை இல்ல. காலையிலேர்ந்து கலங்கலா வருது. அது என் ரத்தம். உள்ளேர்ந்து என் மண்ணு போவுது, பூவாணி."

பூவாணிக்குத் திக்கென்றது. கரை போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் ஒரே பாய்ச்சலில் வெளியே விழுவாள். கீழே கன்னியப்பனின் வயல், அதற்கப்புறம் ஊர், அதற்கப்புறம் சித்தாலி. வறண்டு வெடித்துக் கிடக்கிற தங்கையின் கரை அந்த அடியைத் தாங்காது. சித்தாலியையும் உடைத்துக்கொண்டு, துளசியின் வீட்டையும் வாரிக்கொண்டு ஆற்றில் போய் விழ வேண்டியதுதான். ஒரு சொட்டுக்கூட விட மாட்டேன் என்று சொன்னவள் கடைசிச் சொட்டு வரை போய்விடுவாள்.

"கோடி," என்று அலறினாள். "விடுடா. தண்ணியை விடுடா."

"ம்ம்ம்," என்றான் கோடி. அவன் என்ன செய்வான்?

பூவாணிக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. அவன் வாயை அடைத்தபோது சிரித்தவள் அவள்தான். இப்போது மனுஷர்களைக் கூப்பிடலாம் என்றால், அவர்களுக்கு அவள் பாஷை தெரியாது.

"கரையண்ணா, நான் என்னா பண்ணட்டும்?"

"அசையாம இரு," என்றார் கரை பல்லைக் கடித்துக்கொண்டு. "உன் அலை ஒவ்வொண்ணும் எனக்கு உதை மாதிரி விழுது. யாராவது வர வரைக்கும் அசையாம இரும்மா."

காற்று வந்து அவளை இழுத்தது. "எத்தனை நாள் ஆட்டம் போட்ட, வா," என்றது. "போயிடு," என்றாள் பூவாணி. பாசியைப் போர்வையாக இழுத்துப் போர்த்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு தாய் தன் மடியில் தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி அத்தனை தண்ணீரையும் அடக்கிக்கொண்டு கிடந்தாள். அவள் வாழ்நாளில் அடுத்தவருக்காகச் செய்த முதல் வேலை அதுதான்.

மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் கன்னியப்பன் தன் வயலைப் பார்க்க வந்தான். கரையடியில் வரப்பு ஓரமாகத் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தான். டீத் தண்ணி மாதிரி கலங்கல். ஓடினான்.

கோடிக்கு வந்து சேரும்போது அவன் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். "மூட்டையைத் தள்ளு, பலகையைப் புடுங்கு," என்றான்.

"என்னா கன்னியப்பா, விட்டா தண்ணியெல்லாம் போயிடுமே," என்றான் ஒருவன்.

"விடலைன்னா ஏரியே போயிடும்."

மேல் மூட்டைகளைத் தள்ளிவிட்டார்கள். பலகைதான் வரவில்லை. ரெண்டு போகத்து ஆசையில் கன்னியப்பனே நின்று இறுக்கிய களிமண் அது. தண்ணீரும் பின்னாலிருந்து அழுத்தியது. நாலு பேர் தொங்கியும் ஒரு பலகை அசையவில்லை. கரையடியில் குமிழி பெரிதாகிக்கொண்டிருந்தது.

அப்போது ஓடையின் காய்ந்த வழி ஓரமாக ஒரு கூட்டம் ஏறி வந்தது. சித்தாலி ஊர்க்காரர்கள். கையில் கடப்பாரை, மண்வெட்டி. முன்னால் துளசி. நியாயம் கேட்டு அலுத்துப்போய், அடைப்பை உடைத்தே தீருவது, அடிதடி ஆனாலும் சரி என்று கிளம்பி வந்தவர்கள் அவர்கள். வந்து பார்த்தால், அடைத்தவனே சகதியில் இடுப்பளவு நின்று பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் கொஞ்சம் குழம்பிப்போனார்கள்.

கன்னியப்பன் நிமிர்ந்து பார்த்தான். "துளசி, கடப்பாரையைக் குடு. திட்டறதை அப்புறமா வச்சுக்கலாம். கரை கசியுது."

துளசி கடப்பாரையைக் கொடுக்கவில்லை. தானே இறங்கிப் பலகைக்கு அடியில் குத்தினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். சண்டைக்கு என்று கொண்டுவந்த சாமான் எல்லாம் நல்ல வேளையாகக் கையோடு இருந்தது. முதல் பலகை கிறீச்சிட்டது. அடுத்த குத்தில் பிய்த்துக்கொண்டு பறந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது.

"தூ," என்றான் கோடி. வைக்கோலும் களிமண்ணுமாக ஒரு பெரிய துப்பு. "ஆளுங்களா இதுங்க? இத்தனை நாளா மூச்சு விட முடியாம..." மிச்சத் திட்டு வெள்ளத்தின் இரைச்சலில் கேட்கவில்லை.

பூவாணி மூச்சை விட்டாள். பாசியும் கொசுப்புழுவும் பச்சை நாற்றமும் அவளைவிட்டு முதல் ஆளாகக் கிளம்பிப் போயின. ஒரு சாண் இறங்கினாள், இன்னொரு சாண் இறங்கினாள். அவள் இறங்க இறங்கக் கரையின் விலாவில் வலி குறைந்தது. கன்னியப்பனும் ஆட்களும் பிடுங்கிய அதே மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கசிந்த இடத்தில் அணை கட்டினார்கள். மத்தியானம் கரை சொன்னார், "தெளிஞ்சு வருதும்மா." பூவாணி அப்போதுதான் அழுதாள். இப்போது அவளிடம் அழத் தண்ணீர் இருந்தது.

ஓடைக்குத் தலைகால் புரியவில்லை. கீழே ஓடினாள், பாதி வழியில் முட்டிக்கொண்டு நின்றாள். மூன்று வருஷமாகத் தண்ணீர் ஓடாத அந்த வழியில் சீமைக்கருவேலம் முளைத்துப் புதர் மண்டிக் கிடந்தது. நடுவே ஒரு பழைய சோபாவும் இருந்தது. இரண்டு ஊர்க்காரர்களும் ஓடைக்கு முன்னால் வெட்டிக்கொண்டே போனார்கள். சோபாவைத் தூக்கும்போது, இது உங்க ஊருதா எங்க ஊருதா என்று ஒரு சின்னச் சண்டை வந்தது, அதுவும் சிரிப்பில் முடிந்தது. பொழுது சாய்வதற்குள் சித்தாலியின் வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் மேளம் வந்தது. தாமதமாக வந்தாலும் கிடாவோடு வந்தது. கோடிக்கல்லுக்கு மஞ்சள் பூசியவள் துளசிதான். பூசி முடித்ததும் கன்னியப்பன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"சாப்பிட்டுப் போ துளசி."

"என்னா கொழம்பு?" என்றாள் துளசி. கன்னியப்பனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

சித்தாலியும் நிறைந்து, அவளும் கோடி போய், ஓடை ஆறு வரைக்கும் ஓடினாள். பூவாணி தன் அளவோடு நின்றாள். நிம்மதியாக இருந்தது. ஆனாலும் அந்தக் கொக்கு நினைவு வந்தால் மட்டும் நெஞ்சில் ஒரு வெறுமை. தண்ணீர் இருக்கிறது, உள்ளே ஓர் உயிர் இல்லை. எல்லாம் அந்தச் சேற்றோடு போனது, இனி எங்கிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு வெயில் காலையில் கோடிப் பக்கம் பளிச் பளிச் என்று என்னவோ மின்னியது. வழிகிற தண்ணீரை எதிர்த்து, கல்லுக்குக் கல் தாவி, வழுக்கி விழுந்து, மறுபடி தாவி, மீசையை ஆட்டிக்கொண்டு ஒரு கெளுத்தி ஏறி வந்தது. ஏறியதும் மூச்சு வாங்கியது.

"பூவாணிப் பெரியம்மாவா?" என்றது. "சித்தாலியம்மா ஒரு சேதி சொல்லி அனுப்புனாங்க."

கீழேயிருந்து மேலே ஒரு சேதி வருவது பூவாணிக்கு அதுதான் முதல் தடவை. "சொல்லு," என்றாள்.

"அவங்க சொன்னபடியே சொல்றேன்: கடைசியா நீ கோடி போனப்போ உன் புள்ளைங்க தண்ணியோட என்கிட்ட வந்துடுச்சுங்க. நான் வத்துனப்போகூட மடுவுல ஒதுக்கி வச்சு வளர்த்தேன். புதுத்தண்ணி வாசனை வந்தா தாய் வீட்டுக்கு ஏறிப் போவணும்னு துடிக்குதுங்க. வழிதான் திறக்கலையேன்னு காத்துக்கிட்டு இருந்தேன், அக்கா. இப்போ அனுப்புறேன், எண்ணி வாங்கிக்கோ."

பூவாணிக்கு எண்ண முடியவில்லை. கெளுத்திக்குப் பின்னால் கெண்டை, கெண்டைக்குப் பின்னால் விரால், ஓரமாகச் சின்னச் சின்ன அயிரை. கரைப் பனைமரத்தில் உட்கார்ந்திருந்த கொக்கு கழுத்தை நீட்டியது.

"டேய் கோடி," என்றாள் பூவாணி. "அன்னிக்கு உன் வாயை அடைச்சப்போ சிரிச்சேன்டா. மனசுல வச்சுக்காதே. ஏதாவது பேசுடா."

கோடியால் பதில் சொல்ல முடியவில்லை. அவன் வாய் நிறைய மீன்.